பள்ளக்கொல்லைக் கடல்

தாழிக்குறிச்சிக்கு நாலெல்லை சொல்லச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் வடக்கே ஏரி என்பார்கள், தெற்கே செம்பனோடை என்பார்கள், மேற்கே அய்யனார் கோயில் பனங்காடு என்பார்கள், கிழக்குக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, கிழக்கே என்ன இருக்கிறது, கொல்லைதான், கொல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊரின் கொல்லை என்று முடித்துவிடுவார்கள். அறுபத்தொரு வீடு. கறுப்பு மண். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது, வெயிலடித்தால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தியும் வரகும் கொத்தமல்லியும் விளையும். கிணறு வைத்திருப்பவர்கள் சின்ன வெங்காயம் போடுவார்கள். தார்ச்சாலைக்குப் போக வேண்டுமென்றால் நாலு மைல் வண்டிப்பாதையில் நடந்து, நடுவில் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் அது வடிகிற வரைக்கும் தாழிக்குறிச்சி என்று ஓர் ஊர் உலகத்தில் இல்லை.

ஊரின் சரித்திரமும் அதே அளவுதான். ஏதோ ஒரு பஞ்சத்தில் ஏழு குடும்பங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தன, கிணறு தோண்டின, ஆளுயரத்துக்கு ஒரு மண் தாழி வந்தது, அதற்குள் யாருடைய எலும்போ உட்கார்ந்த வாக்கில் இருந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடிவிட்டுப் பத்தடி தள்ளித் தோண்டினார்கள், தண்ணீர் கிடைத்தது, ஊருக்குப் பெயரும் கிடைத்தது. அதற்கும் முன்னால் அங்கே கடல் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஏர் ஓட்டும்போதெல்லாம் கல்லாகிப்போன சிப்பியும் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரிச் சுருண்ட கல்நத்தையும் கொழுமுனையில் இடறும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. முன்பு குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் பழைய சாமான் ஒன்றிரண்டு கிடப்பதுபோல எடுத்து வரப்பில் வீசிவிட்டு மேலே உழுவார்கள்.

ஊரிலேயே பள்ளமான நிலம் தைலம்மையுடையது. இரண்டு ஏக்கர். ஆண்பிள்ளை இல்லாத அவளுடைய அப்பா கலியன், கண்மூடுவதற்கு முன் மூத்தவள் தைலம்மைக்குப் பள்ளக்கொல்லையையும், இளையவள் கொளஞ்சிக்கு அதை ஒட்டிய மேட்டுக்கொல்லையையும் எழுதி வைத்தார். தைலம்மைக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை, பிறந்த ஊருக்கே திரும்பி வந்து தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ப்புக் கூரை இறக்கிக் குடியேறினாள். வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், ஆனால் மாட்டோடும் மண்ணோடும் பேசுவாள், பேசிக்கொண்டே களையெடுப்பாள், அவள் கொல்லையில் மட்டும் கோரை தலைகாட்டப் பயப்படும் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

தை மாதம் பிறந்து இருபது நாள் ஆகியிருந்தபோது, கொத்தமல்லி பூத்து வெள்ளையாக நின்ற சமயம், ஒருநாள் காலையில் தைலம்மை களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போனாள். பள்ளக்கொல்லையில் கடல் இருந்தது. நான்கு வரப்புக்குள் அடங்கி இருந்தது. அலை மேற்கு வரப்பு வரைக்கும் வந்தது, வரப்பைத் தொட்டது, நுரையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது, மறுபடியும் வந்தது. வரப்பில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான், எதிர்க்கரை தெரியவில்லை. ஆனால் வரப்போடு சுற்றி நடந்தால் ஒரு வெற்றிலை போட்டு மென்று துப்புவதற்குள் கிழக்கு வரப்புக்கு வந்துவிடலாம், அங்கே நின்று மேற்கே பார்த்தாலும் கரை இல்லாத தண்ணீர்தான் தெரிந்தது. தைலம்மை மூன்று தடவை சுற்றி வந்தாள். பிறகு, அடுத்தவன் மாடு கொல்லையில் இறங்கி மேய்ந்தால் எப்படித் திட்டுவாளோ அப்படிக் கடலைத் திட்டினாள். பூத்த பயிர் இருக்கிறது கண்ணு தெரியலையா, ஒரு மாசம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாள். கடல் அவள் பாதத்தை நனைத்துவிட்டுப் போனது.

மேட்டுக்கொல்லையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த கொளஞ்சி சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். அக்காவைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"உப்புதாங்க்கா," என்றாள்.

சாயங்காலத்துக்குள் அறுபத்தொரு வீடும் வரப்பில் நின்றன. வந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, முன்னால் இருந்ததுதானே வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அவர்களுடைய கவலையெல்லாம் அக்கம்பக்கத்துக் கொல்லையில் உப்பு ஏறுமா, கிணறு கெடுமா, வெள்ளாடு குடித்தால் வயிறு ஊதுமா என்பதில்தான் இருந்தது. ஒரு வாரம் பார்த்தார்கள். உப்பு ஏறவில்லை, கிணறு கெடவில்லை, வெள்ளாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு திரும்பிவிட்டது. எட்டாம் நாள் அய்யனார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மருதமுத்து நியாயமான மனுஷர் என்று பெயர் எடுத்தவர், எந்த வீட்டுச் சாவுக்கும் முதலில் வந்து நிற்பவர். அவர் எழுந்து, அய்யனார் பக்கம் ஒரு கையைக் காட்டி, எல்லோரும் கேட்கிற மாதிரி நிறுத்திச் சொன்னார்.

"தண்ணி யாரோடதோ, அது நமக்குத் தெரியாது. அடியில இருக்கிற மண்ணு தைலம்மையோடது. கடல் இன்னைக்குப் போனாலும் சரி, நம்ம பேரன் காலத்துல போனாலும் சரி, அவ கொல்லை அவளுக்குத்தான். அதுவரைக்கும் ஊரு அவளப் பட்டினி போடாது."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். கொளஞ்சி அக்காவின் தோளில் கை வைத்திருந்தாள், கூட்டம் கலைகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. தைலம்மைக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்றைக்கே கடலைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் கடலைப் பழகிக்கொண்டது, கடல் ஊரைப் பழகிக்கொண்டது. பனையேறுகிற சடையன் ஒரு பனந்தூரைக் குடைந்து படகு செய்து இறக்கினான், காலையில் போனால் மத்தியானம் திரும்புவான், எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டால் ஊர்க்கோபுரம் தெரிந்தது, எந்த ஊர் என்று தெரியவில்லை என்பான். வலையில் வந்த மீனுக்கெல்லாம் முதலில் பெயர் தெரியவில்லை, மாட்டுக்கு வைக்கிற பெயராக மயிலை, செவலை, காரி என்று வைத்துக்கொண்டார்கள், பிறகு வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் கடல்மீன் கொண்டுவருகிற வியாபாரி ஓடை தாண்டி வந்து பார்த்து, இது சங்கரா, இது கிழங்கான், இது காரப்பொடி என்று அடையாளம் சொல்லிவிட்டு, இனி இந்த ஊருக்கு நான் எதற்கு என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனான். பெண்கள் பானைக்கு உப்பு அங்கேயே அள்ளினார்கள். காய்கிற துணியில் பிசுபிசுப்பு ஏறியது, கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, வெங்காயத்துக்கு மருந்தடிக்க நேரம் பார்க்கிறவர்கள் அலை ஏற்றம் பார்த்து அடித்தார்கள், மாப்பிள்ளை கேட்டு வருகிறவர்கள் கடலுள்ள ஊரா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள். காக்கைகள் மட்டும் கடலோடு வந்த வெள்ளைப் பறவைகளோடு சித்திரை வரைக்கும் சண்டை போட்டுவிட்டுப் பிறகு ஏரிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டன.

தைலம்மை கூலிக்குப் போனாள். மற்றவர்கள் கொல்லையில் களையெடுத்தாள், வெங்காயம் அறுத்தாள், ஊர் சொன்னது சொன்னபடி அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு படி தானியம் அவள் வீட்டு வாசலில் வைத்தது. வேலை முடிந்து போகும்போது தினமும் வரப்பில் சற்று நேரம் உட்காருவாள். முதலில் எல்லோரும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் வரப்பில் இறங்கினார்கள், சடையன்கூட வலையை உதறுமுன் இறங்கட்டுமா தைலம்மக்கா என்பான். பங்குனியில் கேட்பது நின்றுபோனது. ஆடி அமாவாசைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆயிரம் பேருக்குமேல் வந்தார்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் வண்டிகளை விட்டுவிட்டு நடந்து வந்தார்கள், வரப்பு முழுக்க மிதிபட்டு ஒரு மூலையில் சரிந்தது. தைலம்மை மண்வெட்டி கொண்டுவந்து தனியாக அதற்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வெளியூர்க்காரர் அவளைக் கோயில் வேலைக்காரி என்று நினைத்து, குளிக்க நல்ல இடம் எது என்று கேட்டார். அவள் காட்டினாள்.

அந்தக் கூட்டத்தைக் கேள்விப்பட்டுத்தான் ஆவணியில் அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்து ஓடை கடந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கடலைப் பார்த்து அவரும் ஆச்சரியப்படவில்லை, அவரிடம் அதற்கு ஒரு படிவம் இருந்தது. மருதமுத்து வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பட்டா நிலத்தில் தண்ணீர் நின்றால் அதற்குப் பெயர் தேங்கிய தண்ணீர், அதை நிலத்துக்காரர்தான் இறைத்துவிட வேண்டும், அரசாங்கத்துக்கு அதில் வேலை இல்லை. கடல் என்றால் கதை வேறு. கடலோர ஊர் என்று பதிவாகிவிட்டால் தார்ச்சாலை உண்டு, ஓடைக்குப் பாலம் உண்டு, பேருந்து உண்டு, அதற்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் கடல் என்பது நேற்று வந்ததாக இருக்க முடியாது, கடல் ஒருத்தர் பேரில் இருக்கவும் முடியாது. ஆகவே அங்கே எந்தக் காலத்திலும் விவசாயம் நடந்ததில்லை, பட்டா தவறுதலாகக் கொடுக்கப்பட்டது என்று ஊரார் வாக்குமூலம் கொடுத்தால் தவறைத் திருத்திவிடலாம். முக்கியமாக ஒட்டுநிலத்துக்காரரின் வாக்குமூலம் வேண்டும்.

ஒட்டுநிலம் மேட்டுக்கொல்லை. கொளஞ்சியுடையது.

சாலை என்பது தாழிக்குறிச்சிக்கு என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று தலைமுறையாக அவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். மூன்று தலைமுறையாக ஓடைக்கு இந்தப் பக்கம் செத்தவர்கள் இருந்தார்கள். பிரசவத்துக்குப் போன பெண்கள் வண்டியில் பெற்றார்கள், சிலர் பெறாமலே போனார்கள். ஆறு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் கொளஞ்சியின் புருஷன் ஆசைத்தம்பியை வைக்கோல் போருக்கடியில் கண்ணாடி விரியன் கடித்தது. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், கட்டிலின் முன்கால் ஒன்றை மருதமுத்து பிடித்திருந்தார், தைலம்மை பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓடையில் கழுத்தளவு தண்ணீர். கட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நட்டநடுவில் நின்று, அந்தப் பக்கம் போகவும் முடியாமல் இந்தப் பக்கம் திரும்பவும் முடியாமல் வெள்ளம் தணியக் காத்திருந்தபோது, மேலேயிருந்து ஆசைத்தம்பியின் கை ஒன்று தொங்கி மருதமுத்துவின் முகத்தில் பட்டது. அந்தக் கை அதன்பிறகு அசையவில்லை.

அதனால் ஊர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. தைலம்மை இல்லாத இடங்களில் பேசிக்கொண்டார்கள். கிணற்றடியில் அவள் குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது. ஒண்டிக்கட்டை, பிள்ளையா குட்டியா, கொல்லையை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள், எப்படியும் அவளுக்குப் பிறகு தங்கச்சி பிள்ளைக்குத்தானே என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் அதைத் தலைக்குத் தலை திருப்பிச் சொல்லி ஒரு நியாயமாக ஆக்கிக்கொண்டார்கள். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மருதமுத்து நாலைந்து தடவை கிளம்பினார், ஒவ்வொரு தடவையும் வழியில் வேறு வேலை வந்தது. கொளஞ்சி தினமும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள், குழம்பு கொடுத்தாள், தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டாள், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு முன்னால் புளியமரத்தடியில் மேசை போட்டு விசாரணை நடந்தது. கடலைப் பற்றி ஏதோ எழுதிக்கொள்ளப் போகிறார்கள், நீயும் வா என்று மட்டும்தான் தைலம்மையிடம் சொல்லியிருந்தார்கள். அவள் துவைத்த சேலை கட்டிக்கொண்டு, ஒருவேளை கேட்பார்களோ என்று பட்டாவைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

மருதமுத்து முதலில் பேசினார். தன் தாத்தா காலத்திலிருந்தே அங்கே கடல் இருக்கிறது என்றார். ஊரின் பெயரே சாட்சி, அது தாழிக்குறிச்சி இல்லை, தாழைக்குறிச்சி, தாழை எங்கே முளைக்கும், கடற்கரையில்தானே என்றார். பள்ளக்கொல்லையில் பத்து வருஷம் ஏர் ஓட்டியவன் எழுந்து, தான் சின்ன வயதில் அங்கே நீச்சல் பழகியதாகச் சொன்னான். மல்லி அறுப்புக்கு வருஷம் தவறாமல் வந்த பெண் தன் அம்மா அங்கேதான் உப்பு அள்ளுவாள் என்றாள், எந்தப் பாத்திரத்தில் அள்ளுவாள் என்பதையும் சொன்னாள். சடையன் தன் அப்பன் படகின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினான். ஒருவர் சொன்னதற்கு அடுத்தவர் ஒன்று கூட்டினார், புயல் வந்த வருஷம் வந்தது, கரையொதுங்கிய பெரிய மீனை ஊரே பங்கு போட்ட கதை வந்தது, கடலுக்குப் போய்த் திரும்பாத ஓர் ஆளின் பெயரும் வந்தது, அவனுக்காக ஒரு கிழவி உண்மையாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொல்பவர்கள் யாரும் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன அழகில் தைலம்மைக்கே ஒரு கணம் அந்தப் படகும் அந்தப் புயலும் கண்ணுக்குத் தெரிந்தன, அவள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு கொளஞ்சியைக் கூப்பிட்டார்கள்.

கொளஞ்சி மேசைக்கு முன்னால் போய்த் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி, உங்கள் அப்பா அந்த இடத்தில் விவசாயம் செய்தாரா என்று கேட்டார். அவள் அந்த விரலால் மண்ணைக் கீறினாள். தைலம்மை துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க," என்றாள் கொளஞ்சி. "எங்கப்பா எங்க ரெண்டு பேரையும் ஆளுக்கொரு தோள்ல தூக்கிக்கிட்டு அதுக்குள்ள நடப்பாரு. நுரை வந்து எங்க கால்ல படும். கூசும். நாங்க சிரிப்போம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். கலியன் தன் இரண்டு பெண்களையும் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளக்கொல்லைக்குள் நடந்தது நடந்ததுதான். தை மாதத்தில், பருத்தி வெடித்து இடுப்பளவு நிற்கும்போது நடப்பார். அவர்கள் காலில் பட்டதும் கூசியதும் சிரித்ததும் எல்லாம் அப்படியே நடந்ததுதான். அவளைத் தவிர அதைப் பார்த்தவர் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

கடைசியில் அதிகாரி அவளைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். பட்டாவை எடுக்கவில்லை.

"அது பருத்திங்க," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

சாலை வந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஜல்லி வந்தது, தார் வந்தது, மாசியில் ஓடைக்குக் குறுக்கே பாலம் நின்றது, அதன்மேல் முதல் பேருந்து மாலை போட்டுக்கொண்டு வந்தபோது கிழவர்கள் அழுதார்கள். தாழைக்குறிச்சி கடற்கரை என்று மஞ்சள் பலகை நட்டார்கள். பள்ளிக்கூடச் சுவரில் ஊர்ப் படம் வரைந்தார்கள்: வடக்கே ஏரி, தெற்கே ஓடை, மேற்கே அய்யனார், கிழக்கே நீலம். அந்த வருஷம் யாரும் வழியில் சாகவில்லை, மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிறந்தன, அதில் ஒன்று கொளஞ்சியின் பேத்தி.

தைலம்மை தங்கச்சியோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். கொளஞ்சி சுவருக்கு மேல் வைக்கிற குழம்புச் சட்டி தொடாமல் அப்படியே மறுநாள் அவள் பக்கமே திரும்பிவிடும். பேத்திக்குப் பேர் வைத்த அன்று பொறுக்க முடியாமல் கொளஞ்சியே அக்கா வீட்டுக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். ரோடு இருந்திருந்தால் அவர் இன்றைக்குப் பேத்தியைத் தூக்கியிருப்பார் என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி தாலியாவது நிற்கட்டுமே என்றுதான் சொன்னேன் என்றாள். தைலம்மை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ரோட்டுக்குக் கொல்லையக் குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். யாருமே கேக்கலையே," என்றாள். "கொல்லை போனது போகட்டும். அப்பாவயும் சேத்துல்ல எடுத்துக்கிட்ட."

கொளஞ்சி எழுந்து போனாள்.

சித்திரை மாதத்தில், கத்திரி வெயில் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம் கடல் போய்விட்டது. வந்தபோது எப்படிச் சத்தமில்லாமல் வந்ததோ அப்படியே போனது. அலை ஒன்று மேற்கு வரப்பிலிருந்து திரும்பிப் போனது, மறுபடி வரவில்லை, அவ்வளவுதான். தைலம்மை போய்ப் பார்த்தபோது கறுப்பு மண் ஈரமாகக் கிடந்தது, வாயில் போட்டுப் பார்த்தாள், உப்பு இல்லை. எதிர் வரப்பு தெரிந்தது. அதற்கு அப்பால் அடுத்த ஊர்க் கொல்லை தெரிந்தது. அவள் நேராக மருதமுத்து வீட்டுக்குப் போய், கடல் போயிடுச்சு, அய்யனார் முன்னால நீங்க சொன்ன வார்த்தை இருக்கு, வந்து பாருங்க என்று கூட்டிக்கொண்டு வந்தாள்.

மருதமுத்து வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி பார்த்தார். பின்னால் சாலையில் பேருந்து திரும்புகிற சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அலை கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு," என்றார்.

அவர் பொய் சொல்கிறவர் மாதிரி இல்லை என்பதுதான் தைலம்மைக்குப் பயமாக இருந்தது. அன்று சாயங்காலம் ஊர் முழுக்க வந்து பார்த்தது. ஆமாம், அலை கம்மிதான் என்று ஊர் முழுக்கச் சொன்னது. மறுநாள் சடையன் படகைக் கட்டிகளுக்கு மேல் உரச உரச இழுத்துக்கொண்டுபோய் நடுக்கொல்லையில் உட்கார்ந்து வலை வீசினான், மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு மீன் சரியில்லை என்று திரும்பினான். மீன் வியாபாரி மறுபடியும் வரத் தொடங்கினான், அவனிடம் வாங்கிக்கொண்டு நம்ம கடல் மீன் மாதிரி வராது என்றார்கள். குறுக்கு வழியாகக் கொல்லையில் இறங்கி நடக்கிற பெண்கள் முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொடையால் எதையோ தள்ளித் தள்ளி மெதுவாக நடந்தார்கள். ஆடி அமாவாசைக்கு முன்பைவிட அதிகக் கூட்டம் பேருந்தில் வந்தது, வெளியூர்க்காரர்கள் முதலில் சற்றுத் திகைத்து நின்றார்கள், ஊர்க்காரர்கள் குனிந்து இரண்டு கையாலும் அள்ளித் தலையில் விட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு அவர்களும் அப்படியே செய்தார்கள்.

அமாவாசை முடிந்த மூன்றாம் நாள் தைலம்மை மாட்டைப் பூட்டி ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளக்கொல்லையில் ஏரை இறக்கினாள். பெண் ஏர் பிடிக்கக் கூடாது என்பார்கள், அன்றைக்கு அதை யாரும் சொல்லவில்லை, வரப்பில் கூடி நின்று, தைலம்மை கடலுக்குள் போகிறாள், யாராவது பிடியுங்கள் என்றுதான் கத்தினார்கள். ஒருவன் இறங்கி நாலடி வந்து, மூச்சுத் திணறித் திரும்பினான். அவள் இரண்டு ஏக்கரையும் உழுதாள். வரகு விதைத்தாள். அரசாங்கத்திலிருந்து ஒரு தாள் வந்தது, கடலுக்குள் உழவு செய்வது குற்றம் என்றும், அவளுடைய உயிருக்கு ஆபத்து என்றும் அதில் இருந்தது. அவள் அதை மடித்துக் கூரைச் சொருகில் வைத்தாள். வரகு முளைத்தது, மழை பார்த்துப் பெய்தது, மண் ஓய்ந்து கிடந்ததாலோ என்னவோ பயிர் எப்போதும் இல்லாத பச்சையில் எழும்பியது. அவள் தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள், மாட்டோடு பேசினாள், மண்ணோடு பேசினாள். அவள் திரும்பி வருகிற ஒவ்வொரு நாளையும் ஊர் ஓர் அதிசயமாக நினைத்தது, எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டது.

புரட்டாசி கடைசியில் ஒரு காலை அவள் இரண்டாம் களை எடுத்துக்கொண்டிருந்தபோது கொளஞ்சி மேட்டுக்கொல்லையிலிருந்து இறங்கி வந்து வரப்பில் நின்றாள். இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தைலம்மை அவளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவளாகவே பேசினாள்.

"எறங்கி வா, கொளஞ்சி."

கொளஞ்சி தயங்கினாள். பிறகு குனிந்து சேலையை முழங்காலுக்குமேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினாள், இன்னொரு காலை இறக்கினாள், உடம்பைச் சிலிர்த்துக்கொண்டாள். வரகுப் பாத்திக்குள் ஒவ்வோர் அடியாக, கையை அகல வைத்துச் சமாளித்துக்கொண்டு, அக்கா நிற்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. தைலம்மை அவள் கால் பக்கம் பார்த்தாள். உள்ளங்காலுக்கடியில் மண் வெடித்திருந்தது, வெடிப்புக்குள் ஓர் எறும்பு இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றாள் தைலம்மை. "இப்ப எதுமேல நிக்கிற, அத மட்டும் சொல்லு. என் ஒருத்திகிட்ட சொன்னா போதும்."

கொளஞ்சி கீழே பார்த்தாள். அவள் முயற்சி செய்கிறாள் என்பது தைலம்மைக்குத் தெரிந்தது, எதையோ பிடித்து ஏற முயன்று வழுக்கி வழுக்கி விழுகிறவளைப் போல அவள் கண்கள் மண்ணுக்கும் அக்காவின் முகத்துக்குமாக அலைந்தன. கன்னத்தில் நீர் வழிந்தது.

"தண்ணி சில்லுன்னு இருக்குக்கா," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

தைலம்மை களைக்கொத்தைக் கீழே வைத்தாள். தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள், ஆழத்தில் மாட்டிக்கொண்டவளை நடத்திக் கூட்டிவருவதுபோல அவளுக்குமுன் ஒவ்வோர் அடியாகத் தானும் மெதுவாக வைத்து, நெருங்கிய பயிரை ஒதுக்கி வழிசெய்து, வரப்பு வரைக்கும் கொண்டுவந்து மேலே ஏற்றிவிட்டாள். கையை விட்டாள். விட்டபோது இனி அந்தக் கையைப் பிடிக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கரையேறிய கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, சேலை நுனியை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். உதறினாள். இன்னும் ஈரம் போகவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை பிழிந்தாள்.

தைலம்மை திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து களையெடுக்கத் தொடங்கினாள்.